பிள்ளைகளின் தீராத வயிற்று வலி – காரணம் காண்பது எப்படி?

(யூபிலி ஆண்டு நலவாழ்வு நாளன்று, பங்கு மண்டபத்தில் மருந்தகப் பணியாளர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



யூபிலி ஆண்டை முன்னிட்டு நலவாழ்வைக் குறித்துச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இருதயம் என்று பெரியவர்களின் நோய்களைப் பற்றிப் பேசுவோம் என எண்ணி உங்களில் பலர் வந்திருப்பீர்கள். அவற்றைப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். மருந்தகத்தில் பணிபுரியும் நாங்கள் இன்று எடுத்துக்கொண்டிருப்பது, வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் வந்து வந்து போகும் வயிற்று வலியை.

திங்கட்கிழமை காலையில் மருந்தகத்துத் திண்ணைப் பக்கம் வந்து பார்த்தால் நாங்கள் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தோம் என்பது உங்களுக்கு விளங்கும். பன்னிரண்டு வயது, பதினான்கு வயது, பதினாறு வயதுப் பிள்ளைகள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அம்மாவின் தோளில் சாய்ந்திருப்பார்கள். அம்மாவின் கையிலே ஒரு துணிப்பை. பை நிறைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகள். "நாலு மாசமா இதே கதைதான் சிஸ்டர். பார்க்காத டாக்டர் இல்லை. ஒண்ணுமில்லைங்கிறாங்க. ஆனா வலி மட்டும் போகலை" என்பார்கள். இதற்குள் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும். அப்பாவும் அண்ணனும், பள்ளிக்கூடத்துக்குப் போகாதிருக்கப் பிள்ளை நடிக்கிறது என்பார்கள். பாட்டியும் அத்தையும், ஏதோ பெரிய வியாதி, டாக்டர் நம்மிடம் மறைக்கிறார் என்பார்கள். நடுவில் அந்தப் பிள்ளை யாரிடமும் வாய் திறவாமல் சுருண்டு படுத்திருக்கும்.

இரண்டு கட்சியாருமே பெரும்பாலும் தவறாகத்தான் சொல்கிறார்கள் என்பதே நாங்கள் இன்று சொல்ல வந்தது. வலி மெய்யானது. அதன் காரணம் பெரும்பாலும் இயந்திரத்தில் அல்ல, பொறுமையாகக் கேட்கும் கேள்விகளில் பிடிபடுகிறது. அந்தக் கேள்விகளில் பாதியை வீட்டிலிருக்கும் நீங்களே கேட்க முடியும்.

இது புதிய சங்கதியன்று. இங்கிலாந்து தேசத்தில் பிரிஸ்டல் நகரிலே ஜான் ஆப்ளி என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். அவரும் நேஷ் என்ற இன்னொரு மருத்துவரும் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை விசாரித்து, 1958-ஆம் ஆண்டு அதன் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாத காலத்துக்குள் மூன்று தடவையாவது, ஓடியாடுகிற வேலையைத் தடுக்குமளவுக்கு வயிறு வலித்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். ஆகவே நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வந்த விதி என்று யாரும் மனம் ஒடிய வேண்டாம். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலே நாலு பேருக்கு இப்படி இருக்கலாம்.

அதே ஆப்ளி ஒரு சின்ன விதியையும் சொல்லிவைத்தார். வலி தொப்புளை விட்டு எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறதோ, அவ்வளவுக்கு உள்ளே ஏதோ ஓர் உறுப்பில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அது. விதிவிலக்குகள் உண்டு. ஆயினும் நல்ல டாக்டர்கள் இன்றைக்கும் முதலில் கேட்பது, "தம்பி, எங்கே வலிக்குது, ஒரு விரலாலே தொட்டுக் காட்டு" என்பதுதான். சில பிள்ளைகள் உள்ளங்கையை விரித்துத் தொப்புளைச் சுற்றி வட்டம் போடுவார்கள். சில பிள்ளைகள் ஒரே விரலால் வலப்பக்க அடிவயிற்றையோ, நெஞ்சுக்குழிக்குக் கீழேயோ, விலாப்புறத்தையோ குத்திக் காட்டுவார்கள். விரலால் குத்திக் காட்டுகிற பிள்ளையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பிள்ளையைப் படுக்கவைத்து, வலிக்கிற இடத்தை விரலால் அழுத்தியபடியே தலையையும் தோளையும் தூக்கச் சொல்வார்கள். அப்போது வலி கூடினால், கோளாறு வயிற்றுக்குள்ளே இல்லை, வயிற்றுச் சுவரின் தசையிலோ அங்கே ஓடும் நரம்பிலோ இருக்கலாம். கார்னெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1926-இல் எழுதிவைத்த சோதனை இது. காசு செலவில்லை. இந்த நரம்பு வலி எந்த ஸ்கேனிலும் தெரியாது. அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டவுடன் பல மாத வலி நின்றுபோன பிள்ளைகள் உண்டு.

அடுத்தது, எப்போது வலிக்கிறது? பள்ளிக்குப் புறப்படும் நேரத்திலா, சாப்பிட்டவுடனா, வெறும் வயிற்றிலா, மாதத்தில் குறிப்பிட்ட நாட்களிலா? எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையை வலி எழுப்புகிறதா என்பது. தூக்கம் வராமல் வயிறு வலிக்கிறது என்பது வேறு. அயர்ந்து தூங்கும் பிள்ளை நடு இரவில் வலியால் விழித்து எழுந்து உட்காருவது வேறு. இரண்டாவது இருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

தள்ளிப்போடக் கூடாத வேறு அடையாளங்களும் உண்டு. மலத்தில் இரத்தம், அல்லது தார் போன்ற கறுத்த மலம். பச்சையாகப் பித்த வாந்தி. வாரக்கணக்கில் விட்டு விட்டு வரும் காய்ச்சல். விழுங்கும்போது வலி. மூட்டு வீக்கம், திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண். ஆசன வாயைச் சுற்றிப் புண்ணோ சீழோ இருப்பது. இந்தக் கடைசிச் சங்கதியைப் பிள்ளைகள் வெட்கத்தால் தாயிடம்கூடச் சொல்வதில்லை, ஆகையால் நீங்களே பக்குவமாகக் கேட்க வேண்டும். எடை குறைதல் எல்லாருக்கும் தெரிந்த அடையாளம். வளர்ச்சி நின்றுபோவதை நாம் கவனிப்பதில்லை. சில வீடுகளில் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுப் பிள்ளையின் உயரத்தைக் குறித்துவைப்பார்கள். நல்ல வழக்கம். அது இல்லாவிட்டால் பள்ளிச் சீருடை இருக்கிறது. போன ஜூன் மாதம் தைத்த சட்டையும் பாவாடையும் இந்த ஜூனிலும் சரியாகப் பொருந்துகிறதென்றால், துணி மிச்சம் என்று சந்தோஷப்படாமல் யோசியுங்கள். தோழியர் எல்லாம் வளர, ஒரு பிள்ளை மட்டும் பருவ மாற்றம் இல்லாமல் நிற்பதும் அப்படியே.

இப்படி வரும் பிள்ளைகளில் நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது குடலில் வரும் காசநோய். டி.பி. என்றால் இருமலும் சளியும்தான் என்று எண்ணுகிறோம். அது குடலையும் பிடிக்கும். சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற வலப்பக்க அடிவயிறு அதற்குப் பிடித்தமான இடம். வயிறு வலி, மெலிவு, மாலைக் காய்ச்சல், சில நேரம் குடல் உருண்டு அடைத்துக்கொள்வதுபோல உணர்வு. கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் ஆறு மாத மருந்தில் குணமாகும், அரசு மருத்துவமனையில் இலவசம். இதற்கு உடன்பிறந்ததுபோலத் தோன்றுவது குரோன் நோய் என்னும் குடல் அழற்சி. முன்பெல்லாம் மேல்நாட்டு வியாதி என்றார்கள். இப்போது நம் பிள்ளைகளிடமும் காண்கிறோம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. ஆகவே டியூப் விட்டுக் குடலைப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் பயந்து ஓடிவிடாதீர்கள். அதற்கு முன்படியாக மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற பொருளை அளக்கும் சோதனையும் இருக்கிறது. குடலில் அழற்சி இருந்தால் அது கூடும்.

கணையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இது தென்னிந்தியாவுக்கு உரிய சங்கதி. சிறு வயதிலேயே வயிற்று வலி, வாலிபத்தில் சர்க்கரை நோய், எக்ஸ்ரேயில் கணையத்துக்குள் கற்கள். இப்படி ஒரு நோய் கேரளத்தில் ஏராளமாக இருப்பதை டாக்டர் கீவர்கீஸ் 1960-களில் விரிவாக எழுதினார். மரவள்ளிக்கிழங்குதான் காரணம் என்று வெகுகாலம் சொன்னார்கள். அந்தக் கருத்து நிலைக்கவில்லை. சிலருக்குப் பிறப்பிலேயே மரபணுவில் உள்ள மாற்றம் துணைபோகிறது என்று பிற்பாடு தெரிந்தது. மேல்வயிற்று வலி முதுகுக்கு ஊடுருவிப் பாயும். பிள்ளை முன்னால் குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். மலம் எண்ணெய்ப் பசையாகப் போகலாம். இந்த விதமாக இருந்தால் அல்சர் என்று சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

பயமுறுத்தியது போதும். இவையெல்லாம் இருக்க வேண்டும் என்பதில்லை, இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டியவை. திண்ணையில் உட்காரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இவை எதுவும் இருப்பதில்லை.

சாதாரணக் காரணங்களில் முதலிடம் மலச்சிக்கலுக்கு. பதினாலு வயதுப் பையனிடம் "தினமும் வெளிக்குப் போகிறாயா" என்று கேட்டால் "ம்" என்பான். அதை நம்பாதீர்கள். எப்படிப் போகிறது, முக்குகிறாயா, உருண்டை உருண்டையாகப் போகிறதா, போனபின்னும் பாக்கி இருப்பதுபோல் தோன்றுகிறதா என்று கேட்க வேண்டும். காலையில் ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளைக்கு உட்காரவே நேரமில்லை. பள்ளிக்கூடத்துக் கக்கூசில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, நாற்றம் வேறு. பெண்பிள்ளைகள் காலையில் அடக்கினால் மாலை வீடு திரும்பும் மட்டும் அடக்குகிறார்கள். அடக்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. நாளடைவில் பெருங்குடல் விரிந்து, மலம் இறுகி, வேகமான அந்த உணர்ச்சியே மழுங்கிவிடுகிறது. வயிறு வலி வருகிறது, கூடவே நீர்க்கடுப்பும் வருகிறது. இதற்கு ஒரு நாள் பேதி மருந்து கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்பது தப்புக் கணக்கு. மலத்தை இளக்கும் மருந்தை டாக்டர் சொன்ன அளவில் மாதக்கணக்கில் கொடுத்து, காலை உணவுக்குப்பின் பத்து நிமிஷம் நிதானமாக உட்காரப் பழக்க வேண்டும். இதற்காகப் பிள்ளை அரைமணி முன்னதாக எழவேண்டும், அதற்கு முந்தின இரவு செல்போனைப் பிடுங்கி வைக்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் யாராவது எழுந்து கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டால் அதுவும் ஒரு வைத்தியமே.

பால் இன்னொரு காரணம். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கவைக்கும் சத்து, கைக்குழந்தைகளுக்கு நிறைய இருந்து, வளர வளர நம்மவர் பெரும்பாலோருக்குக் குறைந்துபோகிறது. உயரமாக வளரட்டும் என்று தாய் காலையும் மாலையும் பெரிய டம்ளரில் பால் கொடுக்கிறாள். பிள்ளைக்கு வயிறு உப்பி, கடமுடா என்று சத்தம், வலி, இளக்கமாகப் போதல். இரண்டு வாரம் பாலை அறவே நிறுத்திப் பாருங்கள், பிறகு மறுபடி கொடுத்துப் பாருங்கள். நிறுத்தினால் வலி நின்று, கொடுத்தால் திரும்பி வந்தால் விடை கிடைத்துவிட்டது. தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

பூச்சியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2015 முதல் பிப்ரவரி 10-ஆம் தேதியைக் குடற்புழு நீக்க நாளாக வைத்து, ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் மாத்திரை கொடுக்கிறார்கள். அதைப் பிள்ளைகள் சுவைத்து விழுங்குகிறார்களா, சட்டைப்பையில் போட்டு வருகிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

வயிற்றுப் புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று நாமெல்லாம் படித்தோம். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள், ஒரு கிருமியே முக்கிய காரணம் என்று 1980-களில் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை என்று மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்று அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதைக் கேள்விப்பட்ட நம்மவர்கள், வயிறு வலிக்கிற பிள்ளைக்கெல்லாம் அந்தக் கிருமிச் சோதனை எடுத்து, இருக்கிறது என்று வந்ததும் மூன்று வித மாத்திரைகளை வாங்கிக் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் இந்தக் கிருமி சுகமாயிருக்கிற ஏராளமானோர் வயிற்றிலும் குடியிருக்கிறது. அது இருப்பதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது. மேல்வயிற்று வலி, வெறும் வயிற்றில் எரிச்சல், இரவில் எழுப்பும் வலி, இரத்த வாந்தி என்றிருந்தால் உள்ளே டியூப் விட்டுப் பார்ப்பார்கள். அதற்கு முன், பிள்ளை தலைவலிக்கென்றும் கால்வலிக்கென்றும் வெறும் வயிற்றில் வலி மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்த மாத்திரைகளே வயிற்றைப் புண்ணாக்கும்.

இனித் தாய்மார்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது. ஆண்கள் எழுந்துபோக வேண்டாம், இதை நீங்களும் கேட்க வேண்டியதுதான்.

பதினான்கு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியை எங்களிடம் அழைத்து வந்தார்கள். ஊர், பெயர் வேண்டாம். ஏழு மாதமாக வயிற்று வலி. முதலில் குடலேற்றம் என்று எண்ணெய் தேய்த்துத் தட்டினார்கள். பிறகு தொக்கம் எடுத்தார்கள், குழாய் வைத்து ஊதி எதையோ காட்டிக் காசு வாங்கிக்கொண்டார்கள். பிறகு பட்டணத்தில் ஓரிடத்தில் அல்சர் என்றார்கள், இன்னோரிடத்தில் குடல்வால் என்று அறுவைக்கு நாள் குறித்தார்கள். எங்கள் மூத்த நர்ஸ் அந்தத் தாயிடம் பழைய காலண்டரைக் கொண்டுவரச் சொன்னார். பால் கணக்குக்காக எல்லார் வீட்டிலும் தொங்குமே, அதுதான். வலி வந்து பள்ளிக்குப் போகாத நாட்களைத் தாய் நினைவுபடுத்திச் சொல்லச் சொல்ல, நர்ஸ் பென்சிலால் வட்டம் போட்டார். ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய அதே நான்கு நாட்கள். "பாப்பா வயசுக்கு வந்துட்டாளா?" என்று கேட்டார். இன்னும் இல்லை. தங்கைக்குக்கூடச் சடங்கு ஆகிவிட்டது, இவளுக்கு இல்லை. அந்த வருத்தமே வீட்டில் பேசாப் பொருளாக இருந்தது. மாதவிலக்கு உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது. வெளியே வரும் வழியைப் பிறவியிலேயே ஒரு மெல்லிய சவ்வு அடைத்திருந்தது. அந்த இரத்தம் மாதாமாதம் உள்ளேயே தங்கி, வயிறு கனத்து, கடைசியில் சிறுநீர் போவதே கஷ்டமாகியிருந்தது. அரசு மருத்துவமனையில் பெண் டாக்டர் ஒரு சிறிய அறுவை செய்தார். அத்தோடு தீர்ந்தது. குடல்வாலை எடுத்திருந்தால் தழும்பும் மிஞ்சியிருக்கும், வலியும் மிஞ்சியிருக்கும்.

இது அடிக்கடி காண்கிற கோளாறன்று. ஆனால் ஒரு காலண்டரும் ஒரு கேள்வியும் போதுமாயிருந்தன. பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாத பெண்ணை வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

மாதவிலக்கு வலியோ மிகச் சாதாரணம். "எங்களுக்கெல்லாம் வலிக்காமலா இருந்தது, பொறுத்துக்கோ" என்று சொல்லி வளர்த்துவிட்டோம். கருப்பையில் சுரக்கும் ஒருவகைப் பொருள் அதை இறுக்கிப் பிழிவதால் அந்த வலி வருகிறது. அந்தப் பொருளைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. வலி முற்றியபின் அல்ல, தொடங்கும்போதே, சாப்பாட்டுக்குப் பின், டாக்டர் சொன்ன அளவில் இரண்டு மூன்று நாள் எடுத்தால் பெரும்பாலோருக்கு நன்றாகக் கேட்கும். அதனால் கருப்பைக்குக் கெடுதல், பிள்ளை பிறக்காது என்பதெல்லாம் வீண் பேச்சு. முறையாக எடுத்தும் கேட்காமல், மாதாமாதம் பள்ளிக்கூடம் தவறுகிறது என்றால் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயை நினைக்க வேண்டும். கருப்பையின் உட்படலம் போன்ற சதை வெளியே வளர்ந்து வலியுண்டாக்குவது அது. பல பெண்களுக்கு வலி தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே இது தெரியவருகிறது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று தள்ளிவைப்பதும் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம்.

பையன்களுக்கும் ஒரு வெட்கம் இருக்கிறது. விதைப்பையில் வரும் வலியை அவர்கள் அடிவயிறு வலி என்றே சொல்வார்கள். விதை முறுக்கிக்கொண்டால் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அதை இழக்க நேரிடும். சிலருக்கு முறுக்கிக்கொண்டு தானே விலகி, அவ்வப்போது வந்து போகும். அப்பாமார் இதைப் பையனிடம் வெளிப்படையாகச் சொல்லிவையுங்கள்.

இனி ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு வருவோம். எங்கள் திண்ணைக்கு வரும் பைகளில் பாதியிலாவது "வயிற்றில் நெறிக்கட்டிகள் காணப்படுகின்றன" என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்த தகப்பனார் ஒருவர் அன்று இரவு சாப்பிடவில்லை. கட்டி என்ற சொல்லே ஆளைக் கொன்றுவிடுகிறது. சிறு நிணநீர்க் கணுக்கள் குடலைச் சுற்றி இருப்பது சுகமான பிள்ளைகளிடமும் சகஜமாகக் காணப்படுவதே. அவை பெரிதாகவோ ஒன்றாகத் திரண்டோ இருந்து, காய்ச்சலும் மெலிவும் சேர்ந்தால்தான் யோசனை. இந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு டி.பி. மருந்தைத் தொடங்குவது சரியல்ல. அதேபோல, நாலு இடத்தில் நாலு ஸ்கேன் எடுப்பதால் விடை நாலு மடங்கு தெளிவாகிவிடாது. அபாய அடையாளம் எதுவும் இல்லாத பிள்ளைக்கு இரத்தம், சிறுநீர், மலம் ஆகிய சில எளிய சோதனைகளே முதலில் போதும். சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு இருக்கிறது, அதைக் கடையில் சரக்கு கேட்பதுபோலக் கேட்டு வாங்காதீர்கள்.

பாட்டிமார் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஓமத் தண்ணீரும் சுக்குக் கஷாயமும் கொடுங்கள், அவற்றோடு எங்களுக்குச் சண்டையில்லை. வயிற்றில் சூடு போடுவதும் முரட்டுத்தனமாகப் பிசைவதும் மட்டும் வேண்டாம். அந்தத் தழும்புகளைப் பார்க்கும்போது எங்களுக்குத் தூக்கம் வருவதில்லை.

எல்லாம் பார்த்தாயிற்று. அடையாளம் எதுவும் இல்லை, வளர்ச்சி நன்றாயிருக்கிறது, சோதனைகள் சரியாயிருக்கின்றன, ஆனாலும் வலிக்கிறது. அப்படியானால் "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்புவது நியாயமா? இதற்கும் மருத்துவத்தில் பெயர் இருக்கிறது, இலக்கணம் இருக்கிறது. ரோம் விதிகள் என்று உலகத்து வல்லுநர்கள் வகுத்தவற்றை 2016-இல் திருத்தி வெளியிட்டார்கள். செயல்பாட்டு வயிற்று வலி என்பார்கள். உறுப்பில் புண்ணில்லை, வேலை செய்யும் விதத்தில் கோளாறு. நம் குடலுக்குள் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை ஓயாமல் மூளையோடு பேசிக்கொண்டிருக்கின்றன. ஒரு கடும் பேதிக்குப் பிறகோ, பெரும் மனக் கலக்கத்துக்குப் பிறகோ அந்த நரம்புகள் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகின்றன. மற்றவர்களுக்குத் தெரியாத வாயுவின் அசைவுகூட இந்தப் பிள்ளைக்கு வலியாகத் தெரிகிறது. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டி வைத்தால் சின்னக் கரகரப்பும் பெரிதாகக் கேட்குமே, அதுபோல. பரீட்சைக் காலத்தில் அதிகமாவதும் இதனாலே. பரீட்சை வலியை உண்டாக்கிவிடவில்லை, சத்தத்தைக் கூட்டுகிறது. பிள்ளை நடிக்கவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளையை வீட்டில் எப்படி நடத்துவது? அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின் வாக்கர் என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளைகளை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் செய்து, ஒரு சாராரின் பெற்றோரை "ஐயோ, வலிக்கிறதா, எங்கே வலிக்கிறது" என்று விசாரித்துக்கொண்டேயிருக்கச் சொன்னார்கள். இன்னொரு சாராரின் பெற்றோரை வேறு பேச்சுப் பேசிக் கவனத்தைத் திருப்பச் சொன்னார்கள். விசாரித்த வீட்டுப் பிள்ளைகள் வலியை ஏறக்குறைய இரண்டு மடங்கு சொன்னார்கள். வேறு பேச்சுப் பேசியபோது முறையீடு குறைந்தது. இதில் வேடிக்கை, அப்படி வேறு பேச்சுப் பேசுவது பிள்ளையை வருத்தும் என்று பெற்றோர்கள் நினைத்தார்கள். பிள்ளைகளோ அதுதான் தங்களுக்கு நன்றாயிருந்தது என்றார்கள்.

ஆகையால் தினமும் காலையில் எழுந்ததும் "இன்னிக்கு வயிறு எப்படி இருக்கு கண்ணு" என்று கேட்காதீர்கள். வலி மெய்யென்று ஒப்புக்கொண்டதைப் பிள்ளை ஒரு தடவை உங்கள் வாயால் கேட்டால் போதும். பிறகு பள்ளிக்கு அனுப்புங்கள். முழு நாள் முடியாவிட்டால் அரை நாள். வலி வந்தால் ஆசிரியையின் அறையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து மூச்சை மெதுவாக இழுத்து விட்டு, மறுபடி வகுப்புக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். வீட்டில் தங்குகிற நாள் தொலைக்காட்சி நாளாக ஆகிவிடக் கூடாது. மனநல ஆலோசகரிடம் போகச் சொன்னால் பைத்தியமென்று அர்த்தமில்லை. நெதர்லாந்தில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், மனதைத் தளர்த்தி வயிற்றை அமைதிப்படுத்தும் பயிற்சி பெற்ற பிள்ளைகளில் நூற்றுக்கு 85 பேர் ஓராண்டுக்குப் பின் சுகமாயிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 25 பேர்தான்.

கடைசியாக, சொல்லக் கூச்சமான ஒன்று. இந்த மண்டபத்தில் சொல்லலாமா என்று எங்களுக்குள் பேசித்தான் வந்தோம். வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றைச் சில பிள்ளைகளின் வயிறு சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆசிரியர் வகுப்புள்ள நாளில் மட்டும் வலி, டியூஷன் போகும் நாளில் மட்டும் வலி, ஓர் உறவினர் வீட்டுக்கு வரும்போது மட்டும் வலி. பஸ்ஸில் கேலியும் அடியும் காரணமாயிருக்கலாம். தொடக்கூடாத விதத்தில் யாரோ தொடுவதும் காரணமாயிருக்கலாம். அந்த ஆள் மாமாவாயிருந்தாலும், ஆசிரியராயிருந்தாலும், கோயிலில் பணி செய்கிறவராயிருந்தாலும், பிள்ளை சொல்வதை முதலில் நம்புங்கள். குடும்ப மானம், பங்கின் பெயர் என்று மூடிவைக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தும் மறைப்பது குற்றம். 1098 என்ற எண்ணைப் பிள்ளைகளே கூப்பிடலாம். இந்தக் கேள்வியைப் பெற்றோர் முன்னால் கேட்டால் பதில் வராது. அதனால்தான் நாங்கள் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஐந்து நிமிஷம் தனியாகப் பேசுகிறோம். அப்போது வெளியே இருங்கள் என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள்.

மருந்தகத்துக்கு வருமுன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இரண்டு வாரத்துக்கு எழுதிவையுங்கள். முடிந்தால் பிள்ளையே எழுதட்டும். வலி வந்த நாளும் நேரமும், எந்த இடம், எவ்வளவு நேரம் நீடித்தது, அதற்கு முன் சாப்பிட்டது, வெளிக்குப் போனது, பெண்பிள்ளையாயின் விலக்கான தேதி, அன்று பள்ளியில் என்ன நடந்தது. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்குங்கள். சீருடையைப் பற்றிச் சொன்னோமே, போன வருஷம் பள்ளியில் எடுத்த உயரமும் எடையும் தெரிந்தால் அதையும் குறித்து வாருங்கள். பிள்ளையையும் கூட்டிவாருங்கள். பையை மட்டும் கொடுத்தனுப்பி "இதைப் பார்த்து மருந்து சொல்லுங்கள்" என்று கேட்கிறவர்களும் நம் பங்கில் இருக்கிறார்கள்.